திரும்பு, திருப்பு: சேர்ந்தாடுவதை அளப்பது எப்படி

டெல்டா ஊர்களின் ஆண்டு விழா மேடைகளில் இப்போது அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. நடுவில் சக்கர நாற்காலியில் ஒரு பெண். அவளைச் சுற்றிப் பத்துப் பேர் ஆடுகிறார்கள். பாட்டு முடியும் நேரத்தில் இரண்டு பேர் ஓடிவந்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கைதட்டல் அடங்க நேரமாகிறது. மறுநாள் அறிக்கையில் "பங்கேற்றோர் 11, அதில் மாற்றுத்திறனாளி 1" என்று ஏறிவிடுகிறது. கணக்கு சரிதான். அந்த நாலு நிமிடத்தில் அவள் தானாக எத்தனை தடவை நகர்ந்தாள் என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் பூஜ்யம் வரும்.

அறிக்கையில் ஏறாத அந்தப் பூஜ்யத்தை எப்படி எண்ணுவது என்பதுதான் இந்தப் பதிவு. நடன வகுப்பு நடத்துகிறவர்கள், பள்ளிகளின் சிறப்பாசிரியர்கள், போட்டி நடத்தும் மன்றங்கள் ஆகியோருக்காக எழுதுகிறோம். செலவு அதிகமில்லை. கைபேசி இரண்டு, கட்டம் போட்ட தாள், பென்சில், பொறுமையாக எண்ணக்கூடிய இரண்டு பேர் போதும்.

எண்ணுவதற்கான கருவியைப் பள்ளிக்கூட இலக்கண வகுப்பிலேயே நமக்குக் கொடுத்துவிட்டார்கள். தன்வினை, பிறவினை. உருண்டது, உருட்டினான். நகர்ந்தாள், நகர்த்தினார்கள். சுழன்றாள், சுழற்றினார்கள். நடனத்துக்கு வேண்டிய சொற்கள் பலவும் தமிழில் இப்படி இரட்டையாக இருக்கின்றன. ஒரே ஒரு மெய்யெழுத்து மாறினால், ஆடுகிறவர் ஆட்டுவிக்கப்படுகிறவர் ஆகிவிடுவார்.

முதலில் வகுப்பில் காதைத் தீட்டி உட்காருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு ஏவலையும் யாரை நோக்கிச் சொல்கிறார் என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். "பாப்பா, இடப்பக்கம் திரும்பு" என்றால் அந்தப் பெண்ணின் பேருக்கு நேரே தன்வினைக் கோடு ஒன்று. "டேய் தம்பி, அக்காவ அப்படியே இடப்பக்கம் திருப்பு" என்றால் தம்பிக்கு ஒரு தன்வினைக் கோடு, அக்காவுக்கு ஒரு பிறவினைக் கோடு. அக்கா அங்கேயே இருக்கிறார், அவருக்குக் காது கேட்கிறது, இருந்தாலும் சொல் அவரைத் தாண்டிப் போகிறது. காது கேளாத மாணவர்களிடம் இது இன்னும் கூடுதலாக நடக்கும். "அவன்கிட்ட சொல்லு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.

அதே தாளில் இன்னொரு பத்தியில் திருத்தங்களை எண்ணுங்கள். "முழங்கை இறங்குது", "தாளம் அரை மாத்திரை பிந்துது", "பார்வை கையோட போகணும்" என்பவை திருத்தங்கள். "சூப்பர்", "தைரியமான பொண்ணு", "பார்க்கவே கண் கலங்குது" என்பவை திருத்தங்கள் அல்ல. ஊன்றிப் பார்த்தால், உடற்குறை இல்லாத மாணவருக்கு எட்டு, பத்துத் திருத்தம் விழும் வகுப்பில், நாற்காலியில் இருப்பவருக்குப் பாராட்டு மட்டுமே விழுவதைக் காணலாம். பாராட்டை மனசாரத்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் திருத்தம் கிடைக்காதவர் அந்த வகுப்பில் மாணவராக இல்லை, விருந்தாளியாக இருக்கிறார். அளவைகளில் ஒன்றே ஒன்றைத்தான் எடுக்க நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால், இந்தத் திருத்தக் கணக்கைத்தான் எடுக்கச் சொல்வோம்.

இப்போது போட்டி நடனத்துக்கு வருவோம். சக்கர நாற்காலி நடனம் 1968இல் ஸ்வீடனில் பொழுதுபோக்காகவும் உடற்பயிற்சியாகவும் தொடங்கியது. 1998இல் சர்வதேசப் பாராலிம்பிக் குழுவின் பொறுப்புக்கு வந்து, அதே ஆண்டு ஜப்பானில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2016 முதல் பாரா டான்ஸ் ஸ்போர்ட் என்ற பெயரில் இயங்குகிறது. பாராலிம்பிக் விளையாட்டுகளில் இது இன்னும் இடம்பெறவில்லை. இதில் காம்பி என்ற பிரிவில் நாற்காலியில் ஒருவரும் உடற்குறை இல்லாமல் நின்று ஆடும் ஒருவரும் இணை. டுயோவில் இரண்டு பேருமே நாற்காலியில். தனியாக ஆடும் பிரிவும் உண்டு. வால்ட்ஸ், டேங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், க்விக்ஸ்டெப் ஐந்தும் ஒரு வகை. சம்பா, ச்சா ச்சா ச்சா, ரம்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஐந்தும் லத்தீன் வகை. நாற்காலியில் ஆடுகிறவர்களை உடல் இயக்கத்தின் அளவை வைத்து வகுப்பு 1, வகுப்பு 2 என்று பிரிக்கிறார்கள். நடுவுடலும் கையும் குறைவாக இயங்குபவர் வகுப்பு 1. இந்தப் போட்டிகள் காலில் இயக்கக் குறை உள்ளவர்களுக்கானவை. பார்வை, செவி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இதற்குள் வரமாட்டார்கள். நமது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, விளையாட்டில் எல்லோரும் பங்கேற்பதற்கென்றே பிரிவு 30 வைத்திருக்கிறது. ஆகவே கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வகுப்பு நடத்துகிறவர், சர்வதேச விதியை அப்படியே எடுத்து "எங்க வகுப்புல யாரைச் சேர்க்கலாம்" என்பதற்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

காம்பி என்றாலே இருவரும் சேர்ந்துதானே ஆடுகிறார்கள், தனியாக எதை அளப்பது என்று தோன்றலாம். இணை இருப்பதாலேயே ஆட்டம் சரிபாதியாகிவிடாது. அளப்பது இப்படி.

ரம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 25 பார் (மேற்கத்திய இசையின் தாளச் சுற்று), பாருக்கு 4 தாள அடி, ஆக நிமிடத்துக்கு 100 தாள அடி. இரண்டு நிமிட ஆட்டத்தில் 200 தாள அடி, எட்டெட்டாகப் பிரித்தால் 25 எட்டுகள். ரம்பாவின் இரண்டு பார் நம் ஆதி தாள ஆவர்த்தனத்தின் எட்டு எண்ணிக்கைக்கு ஒத்துவருகிறது. தாளம் தட்டும் தட்டுக்கழியைப் பிடித்துப் பழகியவருக்கு இதை எண்ணுவது தண்ணீர் பட்ட பாடு. ஒரு கைபேசியை முன்பக்க மூலையில் 7 அடி உயரத்தில் நிறுத்துங்கள். இன்னொன்றைப் பக்கவாட்டில் நாற்காலிச் சக்கரத்தின் உயரத்தில் வையுங்கள். நேர் முன்னால் மட்டும் வைத்தால், நின்று ஆடுகிறவரின் உடம்பு சக்கரத்தை மறைத்துவிடும். எண்ண வேண்டியது முழுக்கச் சக்கரத்தில்தான் இருக்கிறது. படம் பிடிக்கும்போதே ஒருவர் ஒவ்வொரு எட்டின் தொடக்கத்திலும் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டால், பிறகு எந்தக் கட்டம் எந்த எட்டு என்ற குழப்பம் வராது.

தாளில் ஒருவருக்கு 25 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நாலில் ஓர் எழுத்து. த என்றால் தானே தொடங்கித் தானே செய்த அசைவு. கூ என்றால் இருவர் விசையும் சேர்ந்தது. பி என்றால் பிறர் நகர்த்தியது. நி என்றால் நிலை. ஒரே எட்டுக்குள் இரண்டு வகை வந்தால், அதிகத் தாள அடி பிடித்ததை எழுதுங்கள். நாலும் நாலுமாகப் பிரிந்தால் முதலில் வந்தது. இந்தக் கடைசி விதியை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், இரண்டு பேர் எண்ணுவது ஒருநாளும் ஒத்துப்போகாது.

கூ எது, பி எது என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுவார்கள். இதற்குச் சக்கரத்தின் இயல்பு தெரிய வேண்டும். ஒரு கையை இணையிடம் கொடுத்துவிட்டு, மறு கையால் ஒரு பக்க ரிம்மை (சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் வளையம்) மட்டும் தள்ளினால் நாற்காலி நேரே போகாது. வலச்சக்கரத்தைத் தள்ளினால் இடப்பக்கம் வளையும். அது நேராகப் போக வேண்டுமானால், பிடித்திருக்கும் கை வழியாக இணை கொஞ்சம் எதிர்விசை கொடுத்தே ஆக வேண்டும். ஆக ஒரு கை ரிம்மில், மறு கை பிடியில், நாற்காலி நேர்கோட்டில் என்று கண்டால் அது கூ. இருவரில் யார் விட்டாலும் அந்தக் கோடு கெட்டுவிடும். ரிம்மில் கையே இல்லாமல், தோள் முன்னால் இழுபட்டு அதன் பின்னால் உடம்பு வந்தால் அது பி. ரிம்மில் கை இல்லாவிட்டாலும் தலையும் நடுவுடலும் முதலில் திரும்பி அந்த வேகத்தில் நாற்காலி சுழன்றால், அதை த என்று எழுதத் தயங்காதீர்கள். நன்கு பயின்றவர்கள் இடுப்புத் திருப்பத்திலேயே நாற்காலியைத் திருப்புவார்கள். இன்னும் பிடிபடவில்லை என்றால் படத்தை மெதுவாக ஓட்டி, பிடியில் இருக்கும் இரு முழங்கைகளில் எது முதலில் மடிகிறது என்று பாருங்கள்.

எண்ணி முடித்தபின் கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். நாற்காலியில் ஆடுகிறவருக்கு த 5, கூ 8, பி 9, நி 3. நின்று ஆடுகிறவருக்கு த 14, கூ 8, பி 0, நி 3. பார்த்ததும் 14க்கு 5 என்ற இடைவெளி கண்ணில் படும். அதை வைத்து உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கை பலம் குறைந்த வகுப்பு 1 ஆட்டக்காரரை, நின்று ஆடுகிறவரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். அதே பாட்டுக்கு அவரைத் தனியாக 16 எட்டுகள், அதாவது ஏறக்குறைய 77 விநாடி ஆடச் சொல்லிப் படம் எடுங்கள். அதில் 12 எட்டுகள் த என்று வந்தால் அவரால் 75 சதவீதம் தானே ஆட முடிகிறது. இணையாட்டத்தில் 25க்கு 5, அதாவது 20 சதவீதம். கூவையும் சேர்த்துக்கொண்டாலும் 13தான், 52 சதவீதம். முடிகிறதற்கும் கிடைக்கிறதற்கும் நடுவில் உள்ள இந்த வித்தியாசம்தான் அளவு. அவர் உடம்பு தடுக்கவில்லை, நடன அமைப்பு தடுத்திருக்கிறது என்று அப்போது உறுதியாகச் சொல்லலாம். தனியாட்டத்திலும் 20 சதவீதமே வந்தால், குறையை அமைப்பின் மேல் போடக் கூடாது. நாற்காலியைப் பாருங்கள், பயிற்சியைப் பாருங்கள்.

நாற்காலியைப் பாருங்கள் என்றது சும்மா சொன்னதல்ல. இலவசமாகக் கிடைக்கும் மடக்கு நாற்காலி கனமானது, அகலமானது, பின்சக்கரம் செங்குத்தாக நிற்கும். நடனத்துக்கான நாற்காலி மடங்காத சட்டத்தில், எடை குறைவாக, பின்சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்து இருக்கும். அதனால் திருப்பம் லேசாக வரும், பக்கவாட்டில் எளிதில் கவிழாது. பின்னால் சாயாமலிருக்கக் குட்டிச் சக்கரமும் இருக்கும். இந்த வகை கிடைக்காவிட்டாலும் டயர் காற்றையாவது சரிபாருங்கள். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தால் நாற்காலி அந்தப் பக்கமே இழுக்கும். அதை நேராக்கவே கை ஓய்ந்துவிடும், தாளில் பி கூடிவிடும். படம் எடுக்கும் நாளில் காலையில் முதல் வேலை டயரை அமுக்கிப் பார்ப்பது.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், நடுவில் பேசிக்கொள்ளக் கூடாது. 25 கட்டத்தில் 20 ஒத்துப்போனால் 80 சதவீதம். இதில் குருட்டாம்போக்கில் ஒத்துப்போனதும் கலந்திருக்கும். அதைக் கழிக்க புள்ளியியல் அறிஞர் ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்த கப்பா கணக்கு உதவும். முதல்வர் த 5, கூ 8, பி 9, நி 3 என்றும், இரண்டாமவர் 6, 7, 9, 3 என்றும் எழுதியிருந்தால், நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டுங்கள்: 30, 56, 81, 9, ஆக 176. இதை 25இன் வர்க்கமான 625ஆல் வகுத்தால் 0.28. இதுதான் தற்செயல் ஒற்றுமை. 0.80இல் 0.28ஐக் கழித்து, 1இல் 0.28ஐக் கழித்து வரும் 0.72ஆல் வகுத்தால், கப்பா 0.72. 0.6க்குக் கீழே போனால் தாளை வைத்து எதுவும் பேசாதீர்கள். இருவரும் உட்கார்ந்து, ஒத்துப்போகாத கட்டங்களைப் படத்தில் திரும்பப் பார்த்து, விதியைத் திருத்திக்கொண்டு, வேறொரு படத்தில் மறுபடி எண்ணுங்கள்.

தளமும் மேடையும் தனிப் பிரச்சினை. டெல்டாவில் நிகழ்ச்சி என்றால் கல்யாண மண்டபம், இல்லாவிட்டால் கோயில் திருவிழாவுக்குப் பலகை அடித்த மேடை. பலகைகளுக்கு நடுவே ஓர் அங்குல இடைவெளி இருந்தாலும் கேஸ்டர் எனும் முன்பக்கச் சிறு சக்கரம் அதில் இறங்கி, நாற்காலி முன்பக்கம் குப்புறப் போகும். அழகுக்காக விரிக்கும் சிவப்புக் கம்பளத்தில் கேஸ்டர் புதைந்து, மடிப்பில் சிக்கும். கம்பளத்தைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு, 8க்கு 4 அடி ப்ளைவுட் போடுங்கள். 24க்கு 16 அடி தளத்துக்கு 12 தாள் வேண்டும். சமதரை என்றால் 12 மில்லிமீட்டர் கனம் போதும், பலகை மேடைக்கு 18. இணைப்புகளின் மேல் அகல டேப் ஒட்டுங்கள். மேடைக்கு ஏறுவதுதான் பெரிய கஷ்டம். சாய்தளத்துக்கு 1க்கு 12 என்பது விதி. 3 அடி மேடைக்கு 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும், நடுவில் ஓய்வுத் தட்டு வேறு. மண்டபங்களில் அந்த இடம் இருக்காது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றுவார்கள். அதையும் தாளில் பிறவினையாகவே எழுதுங்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே ஒன்று ஏறிவிட்டது.

மேடையை விட்டுத் தரைக்கு வருவதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. கும்மியும் கோலாட்டமும் கரகமும் இந்த மண்ணில் தரையில் ஆடியவைதான். பார்ப்பவர்கள் சுற்றி நிற்பார்கள். ஆடுகளம் தரையில் என்றால் சாய்தளமே தேவையில்லை.

கோலாட்டம் என்றதும் ஒன்று விரிவாகச் சொல்ல வேண்டும். சேர்ந்தாடுவதைச் சோதிக்கப் பின்னல் கோலாட்டத்தைவிட நல்ல பயிற்சியை நாங்கள் பார்த்ததில்லை. மேலே கொக்கியிலிருந்து கயிறுகள் தொங்கும். பாதிப் பேர் வலஞ்சுழியாகவும் பாதிப் பேர் இடஞ்சுழியாகவும், எதிரே வருபவருக்கு ஒருமுறை உள்ளே, மறுமுறை வெளியே என்று போகப்போகப் பின்னல் விழும். ஒருவர் தவறினால் பின்னல் அந்த இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நாற்காலியில் இருப்பவரை நடுவில் அலங்காரமாக வைக்கவே முடியாது. அவருடைய கயிறு நகராவிட்டால் பின்னலே இல்லை.

நாற்காலிக்கு இது பொருந்தி வரும் விதம் அழகானது. இடஞ்சுழியாகப் போகிறவருக்கு மையம் இடப்பக்கம். கயிறு இடக்கையில். வலக்கையால் வலச்சக்கரத்தைத் தள்ளினால் நாற்காலி தானாகவே இடப்பக்கம், வட்டத்தின் போக்கிலேயே வளையும். வலஞ்சுழிக்கு அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். மேலே குறையாகச் சொன்ன அதே ஒற்றைக்கை வளைவு இங்கே கைகொடுக்கிறது. ஆனால் வட்டத்துக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாக வளையும். நீளமாகத் தள்ளாமல் குட்டிக் குட்டியாகத் தள்ளி உருளவிட வேண்டும், வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். நாற்காலியின் அகலத்தோடு இரு பக்கமும் கைக்கு இடம் சேர்த்தால் 3 அடிப் பாதை ஆகிவிடும். எட்டுப் பேரில் இரண்டு நாற்காலி என்றால் 10 அடி ஆரம் வையுங்கள். கொக்கி 12 அடி உயரம், உட்கார்ந்திருப்பவர் கை 3 அடி உயரம் என்றால், கயிறு கைக்கு வந்து சேரவே பதின்மூன்றரை அடி வேண்டும். பின்னலில் சுருங்குவதையும் சேர்த்து 18 அடி வெட்டுங்கள்.

இங்கே தவறு நடப்பது கயிற்றின் உயரத்தில். நாற்காலியில் இருப்பவர் வெளியே போகும்போது, அவர் கயிற்றின் அடியில் புகுந்து மற்றவர் உள்ளே போக வேண்டும். கை 3 அடியில் இருந்தால், மையத்திலிருந்து 7 அடி தூரத்தில் அவருடைய கயிறு 5.7 அடி உயரத்தில்தான் இருக்கும். உயரமான பையன் தலையில் தட்டும். அவர் கையை நாலரை அடிக்கு உயர்த்தினால் அதே இடத்தில் 6.75 அடி கிடைக்கும். ஆகவே "கயித்த ஒசத்து" என்ற ஏவல் நாற்காலியில் இருப்பவருக்குப் போக வேண்டும். தள்ளிவிட்டு, கையைத் தூக்கி, அடுத்தவரை உள்ளே விடுவது அவர் வேலை. வழி கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வருகிறது. நாற்காலியின் பின்பக்கத் தள்ளுகைப்பிடியில் கயிறு மாட்டும். கைப்பிடி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் துணி சுற்றுங்கள். கைப்பிடியைக் கழற்றினால் யாரும் இடையில் வந்து தள்ளிவிடவும் முடியாது.

பின்னல் கோலாட்டத்தால் இன்னொரு லாபம், யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை. காம்பி ஆட்டத்தில் கை பிடிக்க வேண்டும், வயதுவந்த பெண்ணும் பையனும் கைபிடித்து ஆடுவதற்கு வீட்டில் சம்மதிக்காத ஊர்கள் நிறைய. அதனால் அண்ணன் தங்கையே இணையாவது, ஆசிரியையே இணையாவது என்று முடிந்துவிடும். இணை மாறாததைப் பார்த்துவிட்டு "யாரும் இவரோடு ஆட வரவில்லை" என்று தாளில் எழுதினால் அது தவறான முடிவு. அளக்கும்போது காரணத்தைத் தனிப் பத்தியில் குறியுங்கள்.

ஒரு மாதத்தில் ஒவ்வொருவரும் எத்தனை பேரோடு இணையாக ஆடினார்கள் என்று எண்ணுங்கள். கூடவே "அடுத்த ஆட்டத்துக்கு யாரோட ஆட ஆசை?" என்று கேட்டு மூன்று பெயர் எழுதி வாங்குங்கள். யாரை யார் எழுதினார்கள் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள், இருபக்கமும் அம்பு இருக்கிறதா என்பது முக்கியம். நாற்காலியில் இருப்பவர் மற்றவர்களை எழுதி, அவரை யாரும் எழுதாமல் விட்டிருந்தால் அங்கே வேலை இருக்கிறது. "யாரோட ஆடப் பிடிக்காது" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வெளியே போய் அதைப் பேசிக்கொள்வார்கள், ஆறாது.

நின்று ஆடுகிறவர்களையும் மறக்கக் கூடாது. நாற்காலி பெல்ட்டைக் கட்டுவது, தண்ணீர் கொண்டுவருவது, கழிப்பறை வரை தள்ளிப் போவது எல்லாம் வகுப்பில் எப்போதும் ஒரே பெண்ணின் தலையில் விழும். அவளும் கற்றுக்கொள்ள வந்தவள்தான். 90 நிமிட வகுப்பில் 25 நிமிடம் அவள் உதவியாளாகப் போனால் அவள் ஆட்டமும் குறைகிறது, நாளைக்கு அவள் வராவிட்டால் நாற்காலியில் இருப்பவரும் வர முடியாது. உதவி நிமிடங்களை ஆள்வாரியாக எண்ணினால் இது பளிச்சென்று தெரியும். அதே வகுப்பு நேரத்தைப் பிரித்தும் எழுதுங்கள்: எல்லோரும் ஒரே அசைவைச் செய்தது எத்தனை நிமிடம், ஒரே பாடத்தை அவரவர் உடம்புக்கேற்ப மாற்றிச் செய்தது எத்தனை, ஒரு ஓரமாகத் தனியே விட்டது எத்தனை.

கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே தாள். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் தனித்தாள் கொடுப்பதே ஒரு பிரிவினை. கேள்விகள் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். "எனக்கு வராத அடவைக் கேட்டுக் கத்துக்க முடியுது", "நான் சொன்ன யோசனை ஆட்டத்துல வந்திருக்கு", "என்னைக் கேட்காம என் நாற்காலியை/கையை/தோளைத் தொடுறாங்க" என்பன போல. மூன்றாவது கேள்வி தலைகீழ், ஆமாம் என்றால் குறை. அதை வேண்டுமென்றே வைக்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் எல்லாவற்றுக்கும் "ஆமா மிஸ்" என்று டிக் அடித்துவிடுவார்கள். தலைகீழ்க் கேள்விக்கும் ஆமாம் போட்டிருந்தால் அந்தத் தாளை நம்ப முடியாது. ஆசிரியர் வெளியே போய்விட்டு வேறொருவர் கேட்பது நல்லது. காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்தவர் வேண்டும், அம்மா மொழிபெயர்த்தால் அது அம்மாவின் பதில்.

சராசரி போடாதீர்கள். பதிலை 5க்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக வாங்கும்போது, பத்துப் பேர் வகுப்பில் குறை இல்லாத எட்டுப் பேர் 5 கொடுத்து, குறை உள்ள இருவர் 2 கொடுத்தால் சராசரி 4.4. அறிக்கையில் பிரமாதமாக இருக்கும், இருவர் படும் பாடு அதற்குள் புதைந்துபோகும். ஒவ்வொருவர் பதிலையும் ஒரு புள்ளியாக வரைந்து, மிகக் குறைந்த புள்ளி எங்கே என்று பாருங்கள். பெயர் எழுதாவிட்டாலும் இருவர்தான் என்றால் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால், இந்தப் படம் வகுப்புக்கு வெளியே போகக் கூடாது.

வருகைப் பதிவை வாசிக்கவும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பிடித்துக்கொண்டால் வாசல் சேற்றில் சக்கரம் இறங்காது, ஈர டயர் மொசைக்கில் வழுக்கும், வருகை விழும். அதை ஆர்வக் குறைவு என்று எழுதுகிறார்கள். இந்த ஐப்பசியைப் போன ஐப்பசியோடு ஒப்பிடுங்கள், ஆடியோடு அல்ல. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ஆனால் படிக்கட்டில் நாற்காலி ஏறாது, ஆட்டோதான். வீட்டிலிருந்து வகுப்புக்கு ஒரு தடவை வந்துபோக எவ்வளவு ரூபாய் என்று எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள். வராதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களைக் கேட்டால், சுற்றுவட்டாரத்தில் எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேருக்கு வகுப்பு நடப்பதாவது தெரியும் என்று சொல்வார்கள். வகுத்தல் கணக்கில் கீழே வர வேண்டிய எண் அது.

பாதி வகுப்பில் கிளம்பிப் போகிறவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் அநேகமாகக் கழிப்பறை. நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் கதவு வேண்டும், மண்டபக் கழிப்பறைக் கதவு இரண்டரை அடிகூட இருக்காது. அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். சித்திரை வெயிலில் இது ஆபத்து. முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை ஒழுங்காகச் சுரக்காது, உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். ஈரத்துணியும் மின்விசிறியும் பக்கத்தில் இருக்கட்டும், வகுப்பைக் காலை 9 மணிக்குள் முடியுங்கள்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரே கேள்வி: மாற்றுத்திறனாளி ஆட்டக்காரருக்கு மதிப்பெண் தாள் நிரப்பப்பட்டதா? நடுவர் தாளை நிரப்பாமல் எல்லோருக்கும் "சிறப்புப் பரிசு" கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. நாலாவது இடம் என்று சொல்லி, ஏன் நாலாவது என்று எழுதிக் கொடுத்தால் அவர் அடுத்த வருடம் அதைத் திருத்திக்கொண்டு வருவார். தட்டுக்கழி யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நட்டுவாங்கம் செய்யக் கால் தேவையில்லை. பரதநாட்டியப் பயிற்சிமுறையை வகுத்த தஞ்சை நால்வர் பிறந்த மண்ணில், உட்கார்ந்தபடி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் அந்த இடத்துக்கு, நாற்காலியில் இருப்பவரை ஒருமுறையாவது அழைத்தார்களா?

எண்ணி முடித்த தாளை முதலில் ஆடியவர்களிடம் காட்டுங்கள். படத்தையும் தாளையும் பக்கத்தில் வைத்து, எட்டெட்டாக ஓட்டுங்கள். "இந்த எட்டுல நி போட்டிருக்கீங்க. நான் நின்னது இல்ல. ரெண்டு ரிம்மையும் புடிச்சு நிறுத்துனது. அண்ணன் அப்ப என்னைச் சுத்தி வரணும்னு" என்று நாற்காலியில் ஆடியவர் சொல்லக்கூடும். படத்தைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். இரண்டு கையும் ரிம்மில் இறுகியிருந்தால், நி என்பதை அழித்துவிட்டு த என்று எழுதுங்கள். பென்சிலால் நிரப்பச் சொன்னது இதற்காகத்தான்.